ஆதிநாராயணன் மறுபடி படித்த சுவர்

எரிந்த கட்டடத்துக்குள் நுழையும்போது ஆதிநாராயணன் முதலில் தேடுவது எரியாத மூலையைத்தான். தீ தொடாத இடத்தில் தொடங்கி, சிறிது தொட்ட இடம், மிகுதியாகத் தொட்ட இடம் என்று அடியடியாக நடந்து, கடைசியில்தான் தீ பிறந்த இடத்துக்கு வந்து நிற்பார். கொடிமரத்தில் தொடங்கி மண்டபங்களைக் கடந்து கருவறைக்குச் செல்லும் அடியவரைப் போல என்று யாராவது சொன்னால் சிரிப்பார். "கோயில்ல சாமி எங்க கீதுன்னு முன்னாடியே தெரியும். இங்க தெரியாது" என்பார்.

வயது ஐம்பத்தெட்டு. புத்தூர்ப் பக்கத்துத் தமிழ் வேளாண் குடி. தெலுங்கில் பள்ளிப்படிப்பு, திருப்பதியில் பொறியியல். சித்தூர் மாவட்டத்துச் சர்க்கரை ஆலை ஒன்றின் கொதிகலன் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். அங்கே ஒருநாள் நீராவிக் குழாய் வெடித்து ஒருவர் இறந்தார். விசாரணை அரைமணி நேரத்தில் முடிந்தது. "தொழிலாளியின் கவனக்குறைவு" என்ற இரண்டு சொற்களுக்குள் ஒரு மனிதனின் வாழ்நாள் முழுவதையும் மடித்து வைத்துக் கோப்பைக் கட்டிவிட்டார்கள். பிறகு, பழுதான குழாயின் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்த ஆதிநாராயணன், அது உள்ளிருந்தே பல மாதங்களாக அரித்துப் போயிருந்ததைக் கண்டார். இறந்தவர் அதை எப்படி அறிந்திருக்க முடியும்? அந்தக் கேள்விதான் அவரை ஆலையிலிருந்து வெளியே கொண்டுவந்தது. உலோகம் எப்படி முறிகிறது, புகை எப்படிப் படிகிறது, வெடிப்பு எந்தத் திசையில் தகடுகளை மடக்குகிறது என்று நூல்களாலும் நடந்துபார்த்தும் கற்றுக்கொண்டார். நாயுடுபேட்டை முதல் சித்தூர் வரை எங்கே ஆலை எரிந்தாலும் வெடித்தாலும் அவரை அழைக்கலானார்கள்.

அவருடைய பணியில் இரண்டு ஒழுக்கங்கள் உண்டு. ஒன்று, எரிந்த இடத்தைப் பார்த்து முடிக்கும்வரை யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார். பிறர் சொல் காதில் விழுந்தால் கண் அதன்வழியே போய்விடும் என்பது அவர் கொள்கை. மற்றொன்றை எவரும் அவருக்கு விதிக்கவில்லை. அறிக்கை ஆங்கிலத்தில் போகும். ஆனால் இறந்தவர் வீட்டுக்கென்று தமிழிலோ தெலுங்கிலோ ஒரே ஒரு பக்கம் தம் கையால் எழுதி, தாமே அந்த வீட்டுக்குச் சென்று படித்துக் காட்டுவார். எதனால் போயினர் என்று தெரியாமல் அழுபவரின் அழுகைக்குக் கரை இல்லை. கரை ஒன்று கட்டித் தரவேண்டியது கண்டவன் கடன் என்பார்.

அந்த இரண்டு ஒழுக்கங்களும் ஒன்றோடொன்று மோதிய கதை இது.

இரண்டாயிரத்து இருபத்தொன்று, ஆவணி மாதம். ஏர்பேடு அருகே கற்பூர வில்லை செய்யும் சிறிய தொழிற்கூடம் ஒன்று வெடித்து எரிந்தது. திருப்பதி மலைக்கு வருபவர்கள் வாங்கிச் செல்லும் கற்பூரம் அது. தூளாக வரும் கற்பூரத்தை ஓர் அறையில் இயந்திரங்கள் அழுத்தி வில்லையாக்கும். பறக்கும் தூசியைத் தகரக் குழாய் ஒன்று உறிஞ்சி, அடுத்த அறையின் கூரையடியாக வெளியே கொண்டுசென்று, துணிப்பை ஒன்றில் சேர்க்கும். அந்த அடுத்த அறையில் வில்லைகளைப் பொட்டலம் கட்டுவார்கள். இறந்தவர் இருவர். பொட்டலம் கட்டும் பிரமிளா. வில்லைகளைச் சோதிப்பவராகிய வேங்கடாசலம். நகரிக்கும் புத்தூருக்கும் இடையிலுள்ள மேலக்கண்டிகை என்னும் ஒரே சிற்றூரைச் சேர்ந்தவர்கள்.

வேங்கடாசலத்தின் வேலை வியப்பானது. ஒருமுறைக்கு அழுத்தியெடுக்கும் ஒவ்வோர் ஈட்டிலும் ஒரு வில்லையை எடுத்து வெளி முற்றத்தில், வேப்பமரத்தை ஒட்டிய சுவரோரம் வைத்துக் கொளுத்துவார். நல்ல கற்பூரம் எரிந்தபின் ஒன்றையும் விட்டுவைக்காது. சாம்பலோ கசடோ ஒரு துளி மிஞ்சினாலும் அந்த ஈட்டைத் தள்ளிவிடுவார். அதனால் அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு லைட்டர் இருக்கும்.

ஆதிநாராயணன் நான்காம் நாள் காலையில் போனார். கதவில் அரக்கு முத்திரை. வாயிலில் நாகபூஷணம் என்ற காவலாளி. வழக்கம்போல் அவரிடம் ஒன்றும் கேட்காமல் முத்திரையை உடைக்கச் சொல்லி உள்ளே நுழைந்தார். கற்பூரம் சாம்பலை விடாதே தவிர, எரியும்போது கரும்புகையை வாரி இறைக்கும். பொட்டல அறையின் சுவர்கள் நான்கும் மையால் மெழுகியவை போலிருந்தன. ஆனால் முற்றத்துக் கதவை ஒட்டிய கிழக்குச் சுவரில் மட்டும் மூன்றடி அகலத்துக்கு வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது.

தீயைப் படிப்பவர்கள் எல்லோரும் அறிந்த குறி அது. வெப்பம் மிக மிகுந்த இடத்தில், முன்பு படிந்த கரியையும் தீயே எரித்து நீக்கிவிடும். சுவர் மறுபடி வெளுக்கும். வேங்கடாசலத்தின் உடல் அந்தச் சுவரில் சாய்ந்தபடிதான் கிடைத்தது. உடல் மறைத்ததால் கரி படியாமல் போயிற்றோ என்றும் ஆதிநாராயணன் எண்ணிப் பார்த்தார். உட்கார்ந்த மனிதரின் தலைக்கும் மேலே, தோளுக்கும் புறம்பே திட்டு விரிந்திருந்ததால் அதைத் தள்ளினார். அந்த இடத்தின் தரையில் உருகிய லைட்டர் கிடந்தது. கூரையடிக் குழாய் பொருத்துவாய்களில் வெடித்துப் பிளந்திருந்ததை, சுவரடியில் பிறந்த தீ குழாய்க்குள் புகுந்ததன் விளைவு என்று எழுதினார். வெளி முற்றம், மரம், அலமாரி, கதவு எல்லாவற்றையும் அறுபத்துமூன்று படங்கள் எடுத்தார். வெள்ளைத் திட்டிலிருந்து ஒரு காரைச் சில்லும், ஒப்பிட்டுப் பார்க்கக் கரிபடிந்த இடத்திலிருந்து ஒரு சில்லும் எடுத்துத் தனித்தனித் தகர டப்பாக்களில் அடைத்து முத்திரையிட்டார். அப்போது எந்தத் தேவையும் இல்லாத அந்த இரண்டாம் சில்லை எடுப்பதும் அவருடைய பழைய பழக்கம்.

தீ பிறந்தது கிழக்குச் சுவரடியில்; பிறப்பித்தது வேங்கடாசலம் உள்ளே வைத்துக் கொளுத்திய வில்லை. அறிக்கை அப்படி முடிந்தது. விசாரணை அதிகாரி அதை ஏற்றுக் கோப்பை மூடினார்.

கார்த்திகையில் ஒருநாள், தமிழில் எழுதிய ஒற்றைப் பக்கத்தோடு அவர் மேலக்கண்டிகைக்குப் போனார். வேங்கடாசலத்தின் மனைவி செங்கமலம் நின்றபடியே கேட்டாள்.

"அவரு உள்ள நெருப்பு கொளுத்த மாட்டாரு சார். வூட்டுல கூட அடுப்பாண்ட பீடி பத்த வைக்க மாட்டாரு. வெளிய போய்க்கினுதான் கொளுத்துவாரு."

"நானும் அப்படித்தாம்மா நெனச்சிக்கினு போனேன். சுவர் வேற சொல்லுது."

"சுவரா?"

"மனுஷங்க மாத்திச் சொல்லுவாங்கம்மா. சுவர் மாத்தாது."

செங்கமலம் உள்ளே போனாள். வெயிலில் வந்தவர் என்று மோர் கொண்டுவந்து வைத்தாள். ஆதிநாராயணன் அதைக் குடித்துவிட்டு வந்தார்.

மேலக்கண்டிகையில் கங்கையம்மன் சாத்திரை என்னும் திருவிழாவுக்கு முதல் கற்பூரத் தட்டு வேங்கடாசலத்தின் வீட்டிலிருந்து போவது மூன்று தலைமுறை வழக்கம். ஊருக்குப் பொதுவான அந்தத் தட்டு மறு வைகாசியில் அவர்கள் வீட்டுக்கு வரவில்லை. கற்பூரத்தால் ஒரு பெண்ணைக் கொன்ற கை ஏந்திய தட்டை அம்மன் முன்னே காட்டுவதா என்று கேட்டவள் பிரமிளாவின் தாய் லட்சுமம்மா. ஊர் பெற்றவளின் பக்கம் நின்றது. செங்கமலம் அன்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். தண்ணீர்க் குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தைச் சற்றே நகர்த்தி வைத்தார்கள். பழி பெரிய சத்தம் போடுவதில்லை. இப்படித்தான் குடங்களை நகர்த்தும்.

ஆதிநாராயணன் இதையெல்லாம் அறியார். அறிக்கை கொடுத்து ஓராண்டுக்கும் மேல் கழிந்தபின், இரண்டாயிரத்து இருபத்துமூன்று மாசியில், வேறொரு பணி முடிந்து திருப்பதி ரயிலுக்காகப் பாகாலா நிலையத்தில் காத்திருந்தார். நடைமேடை முடியுமிடத்துக்கு அப்பால், தண்டவாள ஓரத்தில் ஒரு குடும்பம் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தது. எண்ணெயும் இரும்புத்தூளும் படிந்து கறுத்த சல்லிக்கற்களின் மேல் ஒரு பெண் செம்பிலிருந்து மஞ்சள்நீரை ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆதிநாராயணன் அருகே போனார்.

"இன்னாம்மா பண்றீங்க?"

"எங்க தம்பி சார். லைன் வேலை. மூணு நாள் ஆச்சி வண்டி அடிச்சி. உயிர வூட்டுக்குக் கூட்டிக்கினு போறோம்."

"கழுவறது எதுக்கு?"

அரிசியை ஏன் களைகிறாய் என்று கேட்டவரைப் பார்ப்பதுபோல் அவள் பார்த்தாள். "அழுக்குல உக்காந்துக்கினு இருந்தா அது எப்பிடி சார் எழுந்து வரும்? சுத்தம் பண்ணி, பேர் சொல்லிக் கூப்ட்டாதான் வரும்."

பிறகு அவள் தம்பியின் பெயரைச் சொல்லி மூன்று முறை அழைத்தாள். கழுவிய கற்களில் ஒன்றை எடுத்துச் செம்பில் இட்டு, துணியால் மூடி, குழந்தையைப் போல் இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவர்கள் போனபின் கறுத்த பாதையின் நடுவே ஓரிடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. மூன்றடி அகலம் இருக்கும்.

ஆதிநாராயணன் அதைப் பார்த்தபடி நின்றார். அகால மரணம் நேர்ந்த இடத்துக்குச் சென்று உயிரை அழைத்து வரும் வழக்கம் அவர் ஊரிலும் உண்டு. கிணற்றடியிலும் மரத்தடியிலும் அவரே கண்டிருக்கிறார். ஆனால் அரக்கு முத்திரையிட்ட கதவுக்குள் அது நுழையும் என்று அவர் எண்ணியதே இல்லை. திருப்பதி ரயில் வந்து, நின்று, போயிற்று. அவர் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பழைய கோப்பைத் திறந்து, கிழக்குச் சுவரின் படத்தைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். அவர் மனைவி அலர்மேல்மங்கை பள்ளியில் கணக்கு ஆசிரியை. கணவர் வீட்டுக்குக் கொண்டுவரும் கரிப்படங்களை ஏறெடுத்தும் பார்க்காதவர்.

"அலமேலு, இதுல என்ன தெரியுது சொல்லு."

அலர்மேல்மங்கை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "யாரோ தொடைச்சிருக்காங்க."

"எப்பிடிச் சொல்றே?"

"எப்பிடின்னா? நம்ம சமையல்கட்டுச் சுவத்த வருசத்துக்கு ரெண்டு வாட்டி தொடைக்கறது யாரு? நீங்களா?" விரலால் திட்டின் மேல் விளிம்பைத் தொட்டுக் காட்டினார். "வளைஞ்சிக்கினு போய் நிக்குது பாருங்க. கை அவ்ளோதான் எட்டியிருக்கு. தீக்குக் கை இருக்கா? கீழ பாருங்க, தண்ணி ஒழுகின கோடு."

அந்தக் கோடுகளை ஆதிநாராயணன் அன்றே பார்த்திருந்தார். தீயணைப்புப் படையினர் பீய்ச்சிய நீர் என்று எழுதியும் இருந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் சுவர்களையே படித்த மனிதர், தம் வீட்டுச் சுவர் ஒன்றையும் துடைத்ததில்லை. அந்த உண்மை அவருக்குச் சுட்டது.

"மஞ்சத்தண்ணின்னா கண்டுபிடிக்கலாமா?" என்று தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார்.

"ஆரத்திக்கு எப்பிடிக் கரைக்கறோம்? மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா செவந்துடும்."

ஆதிநாராயணன் எழுந்து அலமாரியிலிருந்த தகர டப்பாவை நோக்கிப் போனார். அலர்மேல்மங்கை கையை நீட்டித் தடுத்தார். "இங்க தொறக்காதீங்க. அப்பறம் என் அஞ்சறைப்பெட்டி மஞ்சள்தான் பறந்து விழுந்துச்சின்னு வக்கீல் சொல்லுவான். எதுல தொறக்கணுமோ அதுல தொறங்க. இப்ப வந்து சாப்புடுங்க."

திருப்பதியில் உள்ள சோதனைக்கூடம் ஒன்றில் நளினி என்ற வேதியியலார், சாட்சி இருவர் முன்னிலையில் இரு டப்பாக்களையும் திறந்தார். சில்லுகளைச் சாராய நீரில் ஊறவைத்து, அந்த நீரை வெள்ளைத் தாளில் ஊற்றி, தெளிந்த சுண்ணாம்பு நீரை ஒரு துளி விட்டார். கரிபடிந்த சில்லின் தாளில் ஒன்றும் மாறவில்லை. வெள்ளைத் திட்டின் தாளில் ஆரத்தித் தட்டின் செந்நிறம் மெல்லப் படர்ந்தது.

"நெருப்புல இருந்திருந்தா மஞ்சள் கருகிப் போயிருக்கும் சார். இது தீ அணைஞ்சதுக்கு அப்பறம் பட்டது" என்றார் நளினி. பிறகு தயங்கி, "உங்க ரிப்போர்ட்டுக்கு இது நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார்.

"ரிப்போர்ட்டுக்குக் கெட்டது. நீங்க பார்த்தத அப்படியே எழுதுங்கம்மா" என்றார் ஆதிநாராயணன்.

சுவர் கழன்றுபோனதும், அதன்மேல் கட்டியது எல்லாம் கழன்றது. அவர் அறுபத்துமூன்று படங்களையும் மறுபடி முதலிலிருந்து, எரியாத மூலையிலிருந்து, படிக்கத் தொடங்கினார். இப்போது குழாய் வேறு கதை சொன்னது. அதன் பொருத்துவாய்கள் உள்ளிருந்து வெளியே மலர்ந்திருந்தன. கூரைத் தகடுகள் குழாயிலிருந்து சுவரை நோக்கி மடங்கியிருந்தன; சுவரிலிருந்து குழாயை நோக்கி அல்ல. வெளியே துணிப்பை இருந்த இடத்தின் படத்தில், பையை நிலத்தோடு இணைக்க வேண்டிய எர்த் ஒயர் எதிலும் கட்டப்படாமல் தொங்கியது. பழைய பைக்குப் பதிலாகக் கம்பியிழை இல்லாத வேறு பை மாட்டியிருந்தார்கள். தூசி உரசி உரசி ஏறிய மின்னேற்றம் போக இடமின்றிப் பையிலேயே பொறியாகத் தெறித்திருக்கிறது. தீயின் முதல் நாக்கு அங்கேதான் எழுந்தது.

நாற்பத்தெட்டாம் படம் முற்றத்துச் சுவர். எல்லாவற்றையும் எடுக்கும் பழக்கத்தால் எடுத்து, பார்க்காமலே விட்ட படம். கூரை நிழலில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிய எண்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சரிக்குறி. கடைசி எண்ணுக்கு மட்டும் குறி இல்லை.

ஏர்பேட்டில் வேறொரு கிடங்குக்குக் காவலிருந்த நாகபூஷணத்தை அவர் தேடிப் போனார். தீ அணைந்தபின் உள்ளே யார் வந்தார்கள் என்று கேட்டதும் காவலாளி நாற்காலியைத் துண்டால் தட்டி, அவரை உட்காரச் சொல்லி, தாம் நின்றுகொண்டார்.

"இப்ப அடிகிதே ஏம் செப்பேதி சார், இப்ப வந்து கேட்டா இன்னா சொல்றது? மூணாம் நாள் மத்தியானம். போலீசுக்காரர் சாப்பாட்டுக்குப் போய்ட்டாரு. வேங்கடாசலம் வூட்டம்மா கேட்டாண்ட வந்து நின்னுக்கினு, கத்தக்கூட இல்ல சார், சும்மா நிக்குது. பின்பக்கத்துக் கதவு தொறந்து வுட்டேன். அரைமணி நேரம். பூ, தேங்கா, ஒண்ணும் உள்ள இருக்கக் கூடாது, வெளிய சொல்லவும் கூடாது, என் வேலை பூடும்னு சத்தியம் வாங்கிக்கினேன்."

"ஏன் என்கிட்ட சொல்லலை நாகபூஷணம்?"

"நீங்க வந்தீங்க, டார்ச் அடிச்சீங்க, குனிஞ்சீங்க, நிமிந்தீங்க. என்ன ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?"

ஆதிநாராயணன் தலையசைத்தார். தம் முதல் ஒழுக்கத்தின் மேல் அவர் கொண்டிருந்த பெருமை அங்கே, அந்த மர நாற்காலியில், இறங்கியது.

மேலக்கண்டிகைக்கு அவர் இரண்டாம் முறை போனபோது கையில் எழுதிய பக்கம் ஏதும் இல்லை. செங்கமலம் இப்போதும் மோர் எடுக்க உள்ளே திரும்பினாள். "வேணாம்மா. முதல்ல கேளுங்க. அப்பறம் குடுக்கலாமா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். சொல்ல வேண்டியதை வளைக்காமல் சொன்னார்.

அவள் தன் கைகளைப் பார்த்தாள். "அப்ப நான் கழுவுனதுதானா? என் கையாலதான் அவரு பேர்..."

"இல்லம்மா. கழுவினது உங்க கை. அதுல தப்பில்ல. அதத் தப்பாப் படிச்சது என் கண்ணு. நீங்க சொன்னத நான் கேக்கலை."

"யாராண்டயும் சொல்ல மாட்டேன்னு அந்தக் காவக்காரப் பெரியவருக்கு வாக்கு குடுத்தேன் சார். இது இவ்ளோ பெரிசுன்னு தெரியாது."

குழாயடியில் குடங்கள் நகர்ந்த காலம் முழுவதும் அவள் அந்த வாக்கைக் காத்திருந்தாள். ஆதிநாராயணன் நாற்பத்தெட்டாம் படத்தை எடுத்து நீட்டினார். அவள் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

"அவரு எழுத்துதான். நாலு இப்பிடித்தான் வால் வெச்சி எழுதுவாரு. நெம்பர் எழுதிட்டு கொளுத்துவாரு. எரிஞ்சி முடிஞ்சா டிக்கு போடுவாரு."

"கடைசி நெம்பருக்கு டிக் இல்லம்மா."

செங்கமலம் படத்தை இன்னும் அருகே கொண்டுவந்தாள். "அப்ப வெளியதான் இருந்தாரு."

"ஆமாம்மா. கொளுத்திக்கினு இருக்கும்போது உள்ள வெடிச்சிருக்கு. லைட்டர் கையோட உள்ள ஓடியிருக்காரு."

"பிரமிளாவக் கூட்டியாற."

ஆம் என்று சொல்லிவிட அந்தக் கணத்தில் எவருக்கும் மனம் வரும். "ஓடினாருன்னு நான் எழுத முடியும்மா. எதுக்குன்னு சுவத்துல எழுதலை. தெரியாததத் தெரியும்னு ஒருவாட்டி எழுதிட்டேன். இன்னொரு வாட்டி எழுத மாட்டேன்."

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் மோர் கொண்டுவந்தாள்.

சித்திரையில், சித்தூரில், மூடிய கோப்பைத் திறக்கக் கோரி அவரே கொடுத்த மனு விசாரணைக்கு வந்தது. தொழிற்கூடத்தின் வழக்கறிஞர் முரளிதரன் நாவன்மை உடையவர். தெலுங்கும் தமிழும் கலந்து விளையாடுவார்.

"ஆதிநாராயணன் காரு, உங்க ரிப்போர்ட்டுக்கெல்லாம் எக்ஸ்பயரி டேட் உண்டா? இது ஒன்றரை வருசத்துல கெட்டுப்போச்சு. மத்த நாப்பதும் எப்ப கெடும்?"

அறையில் சிரிப்பு எழுந்தது. ஆதிநாராயணனும் சிறிது சிரித்தார். "நியாயமான கேள்வி. நாப்பதையும் எடுத்து வெச்சிருக்கேன். வெள்ளைத் திட்டு இருக்கறது பதினொண்ணு. பத்து மறுபடி பார்த்துட்டேன், நிக்குது. ஒண்ணு நிக்கலை. அந்த அதிகாரிக்கும் நேத்து எழுதிட்டேன்."

முரளிதரன் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். "அதை யாரும் கேக்கலியே சார்."

"நீங்க இப்ப கேட்டீங்களே."

நாகபூஷணம் தாம் கதவு திறந்ததைச் சொன்னார். அதிகாரி அவரை எச்சரித்து விட்டுவிட்டார். செங்கமலம் கழுவியதைச் சொன்னாள். நளினியின் செந்நிறத் தாள் கோப்பில் சேர்ந்தது. முதல் அறிக்கை விலக்கப்பட்டது. தீ பிறந்த இடம் தூசிப்பை என்றும், வேங்கடாசலம் அதற்குப் பொறுப்பல்லர் என்றும் புது முடிவு எழுதப்பட்டது. அதன்பின் ஆதிநாராயணனை அழைப்பவர்கள் சில மாதங்கள் குறைந்தார்கள். அதைப் பற்றி அவர் பேசியதில்லை. ஆனால் அவர் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இன்று ஒரு வரி அச்சிட்டிருக்கிறது: 'தீ அணைந்தபின் இங்கே யார் வந்தார்கள்? எதைத் தொட்டார்கள்?' எரியாத மூலைக்குப் போவதற்கு முன், வாயிலில் நிற்பவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் இப்போது நுழைகிறார்.

அலுவலகம் விலக்கிய பழியை ஊரும் விலக்க வேண்டுமே. வைகாசியில் சாத்திரையன்று பிற்பகல் அவர் மேலக்கண்டிகைக்கு மூன்றாம் முறை போனார். இந்த முறை தமிழில் எழுதிய ஒற்றைப் பக்கம் கையில் இருந்தது. கங்கையம்மன் கோயில் முன்பு கரகத்துக்கு வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் அனுமதி கேட்டு, நின்றபடியே உரக்கப் படித்தார். "முதலில் எழுதியது என் பிழை" என்பது அதன் முதல் வரி. அந்தப் பக்கத்தில் தம் பெயரை நான்கு இடத்தில் எழுதியிருந்தார். நான்கும் பிழையோடு சேர்ந்தே வந்தன.

படித்து முடித்ததும் எல்லோரும் லட்சுமம்மாவைப் பார்த்தார்கள். அவள் வேப்பிலைக் கொத்தை மடியில் வைத்தபடி கீழே உட்கார்ந்திருந்தாள்.

"நீ சொன்னேன்னுதானே சார் நான் திட்டுனேன்" என்றாள்.

"ஆமாம்மா."

"ரெண்டு வருசம் வாயாரத் திட்டுனேன். அத இப்ப எங்க கொண்டுபோய்க் கொட்டறது?"

"என் தலைமேல கொட்டுங்கம்மா. அது எனக்குச் சேர வேண்டியது."

லட்சுமம்மா மடியிலிருந்ததை உதறிவிட்டு எழுந்து, தட்டு வைத்திருந்த வீட்டுக்குப் போனாள். வரும்போது பித்தளைத் தட்டு கையில் இருந்தது. தெருவின் நடுவே கூட்டத்துக்குப் பின்னால் நின்ற செங்கமலத்திடம் நேரே போய், "பிடி" என்றாள். செங்கமலம் தயங்கினாள். "பிடின்றேன். கை நோவுது எனக்கு. அவரு எம் பொண்ண இட்டாறதான் போயிருப்பாரு. அந்த சாரு எழுத மாட்டாரு. நான் சொல்றேன்."

செங்கமலம் தட்டை வாங்கிக்கொண்டாள்.

அம்மன் முன்னே முதல் கற்பூரம் எரிந்தது. அவள் ஏந்திய தட்டிலிருந்து கரும்புகை மெல்லெழுந்து மேல்நோக்கிப் போயிற்று. கூட்டமெல்லாம் அம்மனைப் பார்த்தபோது ஆதிநாராயணன் மட்டும், பழக்கத்தால், புகை படிந்த நிலைவிட்டத்தை அண்ணாந்து பார்த்தார். மூன்று தலைமுறைக் கரி அங்கே படிந்திருந்தது. அதை யாரும் கழுவியதில்லை.

தட்டு வரிசையாக வந்தது. அவர் முன்னே வந்து நின்றபோதும் அவர் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். கை மட்டும் தீயை நோக்கி நீண்டது.

"பாத்து ஒத்திக்க சார்" என்றாள் செங்கமலம். "சுடும்."